முன்பே பார்த்த முகம்

குனிந்திருக்கலாம். பாட்டிலைப் பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு, யாரிடமோ பேசுவதுபோல் நகர்ந்திருக்கலாம். ஊரில் எல்லோரும் அப்படித்தானே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் காலத்தை ஓட்டுகிறார்கள். எனக்கு மட்டும் எதற்கு இந்தக் கண்.

இன்ஸ்பெக்டர் அறையில், திரைக்கு முன்னால் உட்கார்ந்து அவள் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு கூட்டம் உறைந்து நின்றது. யாரோ கைப்பேசியில் எடுத்து, ஊரே பார்த்து முடித்த வீடியோ. கூட்டத்தின் நடுவில் சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒருவன், வலது கையை ஓங்கி, தலையைப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கிக்கொண்டு நின்றான். கையில் இருந்த கல் ஒரு கரும்புள்ளியாகத்தான் தெரிந்தது. தாடையும் காதும் கழுத்தின் பக்கவாட்டும் மட்டும் நன்றாகத் தெரிந்தன.

"ஒண்ணும் அவசரம் இல்லைக்கா. நிதானமாப் பாருங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

அவர் அவளைவிட வயதில் சிறியவர். நாலு பேர் எதிரில் மேடம் என்பார். அக்கா என்று அழைத்தால் ஏதோ வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். அவசரம் இல்லை என்று சொன்னால் தலைபோகிற அவசரம்.

அவள் போலீசில் சேர்ந்த காலத்தில் யாருக்கும் அவள் கண்ணைப் பற்றித் தெரியாது. அவளுக்கே தெரியாது. எல்லோருக்கும் அப்படித்தான் ஞாபகம் இருக்கும் என்று நினைத்திருந்தாள். பேருந்தில் எதிரே உட்கார்ந்தவர், மருந்துக்கடையில் முன்னால் நின்றவர், எவரோ ஒருவர் வீட்டுத் திருமணத்தில் கை கழுவக் காத்திருந்தவர், எல்லோரும் வருடங்கள் கழித்துத் தெருவில் எதிர்ப்பட்டால் அவளுக்குள் ஓர் இடம் வெளிச்சமாகும். முதலில் இடம்தான் வரும். மருந்துக்கடையின் வாசம் வரும், பிறகு அந்த ஆள். ஒரு முறை கடைவீதிக் கேமராவில் முதுகையும் ஒரு காதையும் மட்டும் பார்த்து ஒரு திருடனை அடையாளம் சொன்ன பிறகு தலைமை அலுவலகத்துக்கு அனுப்பி அவளைச் சோதித்தார்கள். ஆயிரக்கணக்கில் முகங்களைக் காட்டினார்கள். திரும்பி வரும்போது அவள் இந்த வட்டாரத்தின் கண்ணாகிவிட்டிருந்தாள். மற்ற நேரத்தில் எப்போதும் போல மகளிர் புகார்களை விசாரிப்பாள், ஊர்வலத்துக்குக் கயிறு பிடிப்பாள். வீடியோ வந்தால் கூப்பிடுவார்கள்.

ரோந்து வண்டி ஓட்டும் கான்ஸ்டபிள்தான் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்தான். அவசரத்தில் கூப்பிட அது நீளமாக இருந்ததால் பூதக்கா ஆனது. இப்போது மேலதிகாரிகள் தவிர எல்லோருக்கும் அவள் பூதக்காதான். பதிலுக்கு அவள் அவனுக்கு ஹாரன் என்று பெயர் வைத்தாள். வண்டியின் ஹாரனை அவன் தொடவே மாட்டான். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "அண்ணே, தூக்கத்தை வீட்ல போய் முடிங்க, வழி விடுங்க," என்று வாயாலேயே தெருவைப் பிளந்துகொண்டு போவான்.

அந்த ஹாரன்தான் இப்போது பேச்சில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

சந்தைச் சாலையில் ஒரு லாரி, சைக்கிளில் போன பள்ளிக்கூடப் பெண்ணை இடித்துவிட்டது. லாரிக்காரன் இறங்கி ஓடிவிட்டான். ஜனங்கள் போலீசுக்குப் போன் செய்தார்கள், மறுபடியும் செய்தார்கள். ஸ்டேஷனில் இரண்டு வண்டிகளில் ஒன்று பட்டறையில் நின்றது. ஆட்களில் பாதிப்பேர் எங்கோ ஒரு பெரிய மனிதரின் வருகைக்குச் சாலையோரம் நிற்கப் போயிருந்தார்கள். இருந்த ஒரே வண்டியில் ஹாரன் வேறொரு வீட்டுச் சண்டையிலிருந்து கிளம்பி வந்து சேர்ந்தபோது, அந்தப் பெண்ணை யாரோ ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். நசுங்கிய சைக்கிள் மட்டும் ரோட்டில் கிடந்தது. அதைச் சுற்றிக் கூட்டம். வீடியோவில் ஒரு குரல் தெளிவாகக் கேட்கும்: "வந்துட்டாங்கப்பா. இப்பத்தான் பொழுது விடிஞ்சிருக்கு." சிலர் சிரிப்பார்கள். ஹாரன் வண்டியிலிருந்து இறங்கி, இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டி, என்னமோ சொல்லிக்கொண்டே நடப்பான். அவன் சொன்னது கேட்காது. பிறகு அந்தச் சாம்பல் நிறச் சட்டை. பிறகு ஹாரன் மடங்கி உட்காருவது.

கல் நெற்றிக்கும் கண்ணுக்கும் நடுவில் பட்டிருந்தது. டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்ல மறுத்தார்.

அடிபட்ட பெண் பிழைத்துக்கொண்டாள். அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

வீடியோவைத் தலைமை அலுவலகத்தின் புது மெஷினில் போட்டார்கள். பழைய வழக்குகளில் எடுத்த படங்களையெல்லாம் வைத்துக்கொண்டு முகம் தேடித் தரும் மெஷின். அது ஒருவனைக் காட்டியது. ஆனால் மெஷின் சொன்னது மட்டும் போதாது என்பது விதி. பயிற்சி பெற்ற ஓர் ஆள், மெஷின் யாரைக் காட்டியது என்று தெரியாமலே, முதலில் வீடியோவைப் பார்க்க வேண்டும். பிறகு ஒரே சாயலில் இருக்கும் பல முகங்களின் நடுவிலிருந்து தானாக எடுத்துக்காட்ட வேண்டும். தொடங்குவதற்கு முன் கேமராவைப் பார்த்து, இந்த வழக்கில் பிடிபட்ட ஆளை நான் பார்க்கவும் இல்லை, அவரைப் பற்றிக் கேட்கவும் இல்லை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் கோர்ட்டு ஏற்றுக்கொள்ளும்.

அதற்காக அவள் ஒரு பழக்கம் வைத்திருந்தாள். முகம் பார்க்கக் கூப்பிட்ட நாளில் முன்வாசல் பக்கமே வர மாட்டாள். பிடித்து வந்தவர்களை உட்காரவைக்கும் பெஞ்ச் அங்கேதான் இருந்தது. பின்பக்கத்தில் இரும்பு மாடிப்படி ஒன்று உண்டு. அதில் ஏறி நேராக மேல்மாடிக்கு வந்துவிடுவாள். டீ குடிக்கக்கூடக் கீழே இறங்க மாட்டாள். மற்றவர்கள் இதைக் கேலி செய்தார்கள். பூதக்காவுக்குத் தனி ராஜபாட்டை என்று ஹாரன் சொல்வான். துருப்பிடித்த அந்தப் படியில் ஏறும்போது அவளுக்கும் சிரிப்பு வரும்.

இன்று பின்வாசல் பூட்டியிருந்தது. அங்கே காவலுக்கு நிற்கும் ஆளையும் வெளியூர் பாதுகாப்புக்கு அனுப்பிவிட்டதால் பூட்டிவிட்டார்களாம். அவள் கதவைத் தட்டினாள். போன் செய்தாள். யாரும் எடுக்கவில்லை. சாவி கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்று முன்பக்கம் சுற்றி வந்தாள். அவ்வளவுதான். சாவி எங்கே என்று வாசல் காவலில் நின்ற பெரியவரிடம் கேட்டுக்கொண்டிருந்தபோது பெஞ்சிலிருந்து ஒரு குரல், "மேடம், தண்ணி இருந்தா கொஞ்சம் தருவீங்களா?" என்றது.

தண்ணீர் கேட்டால் யோசிக்க முடியுமா. பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். அவன் தலையைப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கிக் குடித்தான். தொண்டை ஏறி இறங்கியது. காதின் கீழ்மடல் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. குடித்துவிட்டு மூடியைத் தேடி, சட்டையில் துடைத்து, திருகித் திருப்பிக் கொடுத்தான். கையில் எண்ணெய்க் கறை. ஏதோ மெக்கானிக் வேலை பார்ப்பவன் என்று நினைத்தாள். அதற்கு மேல் எதுவும் நினைக்கவில்லை. சாவி கிடைக்காததால் முன்படி வழியாகவே மேலே வந்துவிட்டாள்.

கேமரா முன்னால் சொல்ல வேண்டியதை உண்மையென்று நம்பியே சொன்னாள். வீடியோ ஓடியது. சாம்பல் நிறச் சட்டை தலையைச் சாய்த்த அந்த இடத்தில் அவளுக்குள் வெளிச்சம் வந்தது. எப்போதும் வருகிற வெளிச்சம்தான். இருட்டில் படி தேடும் கால் படியைத் தொட்டுவிட்ட மாதிரி. ஆனால் அதோடு வந்த இடம் சந்தைச் சாலை இல்லை. மருந்துக்கடை இல்லை, பேருந்து இல்லை. கீழே இருக்கும் பெஞ்ச் வந்தது. திருகி மூடிய தண்ணீர் பாட்டில் வந்தது.

"என்னக்கா, ஏதாவது படுதா?" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. "பாருங்க, பிடிச்ச ஆள் யாரு, என்ன வேலை பார்க்கறான், ஒரு வார்த்தை உங்ககிட்ட விடலை. விதின்னா விதிதான். முகங்களைக் காட்டட்டுமா?"

அவள் கேமராவைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கச் சொன்னாள். கண் வலிக்கிறது, முகம் கழுவிக்கொண்டு வருகிறேன் என்றாள். கண் வலிக்கிறது என்றதும் அவர் பதறி எழுந்து மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினார்.

குழாயில் தண்ணீர் நூல் போல வந்தது. கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தையே அவள் சந்தேகமாகப் பார்த்தாள். தன்னிடமே கேட்டுக்கொண்டாள்: அந்த ஆளைக் கீழே பார்க்காமல் இருந்திருந்தால், வீடியோவைப் பார்த்துவிட்டு இதே முகத்தை எடுத்திருப்பேனா? எடுத்திருக்கலாம். மெஷினும் அவனைத்தானே காட்டியிருக்கும், இல்லையென்றால் எதற்கு இங்கே உட்காரவைக்கப் போகிறார்கள். எடுக்காமலும் இருந்திருக்கலாம். அந்த வேறொருத்தியிடம், பின்படி வழியாக ஏறி வந்திருக்க வேண்டிய அவளிடம், கேட்டுவர இனி வழியில்லை.

சின்ன வயதில் சித்தியின் திருமணத்தில் மாமா அவளைத் தூக்கிச் சுற்றியது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. சட்டையின் சோப்பு மணம்கூட நினைவிருக்கிறது. ஒருநாள் பேச்சுவாக்கில் அதைச் சொன்னபோது அம்மா ஆச்சரியமாகப் பார்த்தாள். அந்தக் கல்யாணத்தப்ப நீ கழுதை மாதிரி வளர்ந்து நின்னே, உன்னை யாருடி தூக்குவா, மாமா கப்பல்ல இல்ல இருந்தாரு, என்றாள். வேறு யாருடைய திருமணத்திலோ எடுத்த படத்தைப் பார்த்துப் பார்த்து அவளே கட்டிக்கொண்ட நினைவு அது. அன்றிலிருந்து அவளுக்கு ஒரு பயம் உண்டு. தன் ஞாபகம் பிசைந்த மாவு மாதிரி, கடைசியாக எது அழுத்தியதோ அதன் அச்சைத்தான் காட்டும் என்று. அந்தப் பயத்தால்தான் அவள் பின்படியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விதி பிறகுதான் வந்தது.

வெளியே வந்தபோது வாசல் காவல் பெரியவர் மாடி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். ஓய்வு பெறும் வயது. கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பவர்.

"தப்பு என் மேலதாம்மா," என்றார் மெதுவாக. "நீ தண்ணி கொடுத்தியே, அவன்தான் அந்த ஆள். நீ எதுக்கு வந்திருக்கேன்னு எனக்கு உறைக்கவே இல்லை. நான் உள்ள போகச் சொல்லி விரட்டியிருக்கணும்."

அவள் ஈர முகத்தைக் கைக்குட்டையால் துடைத்தாள்.

"பரவாயில்லை விடு. நான் எதையும் பார்க்கலை. அங்க கேமராவும் போன மாசத்துலேர்ந்து ரிப்பேர்." அவர் கொஞ்சம் நிறுத்தி, "ஹாரன் நம்ம பையன்மா," என்றார்.

அவர் அவளுக்கு நல்லதுதான் செய்ய நினைத்தார். அதுதான் கஷ்டமாக இருந்தது. மிரட்டியிருந்தால் கோபப்படலாம். ஒரு ஸ்டேஷன் முழுக்க ஒரே மனத்தோடு உன்னை அணைத்துக்கொள்ள வரும்போது என்ன செய்வது? இந்த ஸ்டேஷனில் அவள் காய்ச்சலோடு நின்ற நாளில் அவள் டியூட்டியைச் சேர்த்துப் பார்த்தவர்கள் இவர்கள். அவளுடைய அப்பாவை ஆம்புலன்சுக்குக் காத்திருக்காமல் ரோந்து வண்டியிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு, வழியெல்லாம் வாயால் கத்திக்கொண்டே ஓட்டியவன் ஹாரன்.

வராந்தாவின் கோடியில் ஹாரனின் மனைவி உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்கு இலாகாவின் கையெழுத்து ஏதோ வேண்டுமென்று வந்திருந்தாள். மடியில் ஒரு துணிப்பை. அதிலிருந்து ஹாரனின் சட்டைக் கை வெளியே தொங்கியது. அவளைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். தூங்காத கண்கள். ஆனால் குரலில் தெம்பு இருந்தது.

"நேத்து அவர் கையை இப்படிப் பிடிச்சேன்கா. திருப்பிப் பிடிச்சாரு. டாக்டர் அது தானா நடக்கறதுதான், அவருக்குத் தெரிஞ்சு பிடிக்கலைன்னு சொல்றாரு. எனக்குத் தெரியாதாக்கா அவர் பிடி?"

தெரியும் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தெரியாது என்று சொல்லவும் வரவில்லை. அந்தக் கை தன் கையை இறுக்கியதை மட்டும் உணர்ந்தாள். இவளும் என்னைப் போலத்தான், என்று நினைத்தாள். இவளுக்கும் உள்ளே ஒரு வெளிச்சம் வந்திருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று இவள் கேட்டுப் பார்க்க வேண்டியதில்லை. கேட்கச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. இவள் நம்புவதால் யாரும் சிறைக்குப் போக மாட்டார்கள்.

"நீங்க ஒரு தடவை பார்த்துச் சொல்லிட்டா போதும்னு சார் சொன்னாரு," என்றாள் ஹாரனின் மனைவி. "ஆள் கிடைச்சுட்டான்னு அவர் காதுல போய்ச் சொல்லணும்கா. பேச்சுதான் இல்லை, காது கேட்கும்னு நர்ஸ் சொல்றாங்க. பூதக்கா கண்டுபிடிச்சுட்டாங்கன்னு சொன்னா அவருக்கு சிரிப்பு வரும்."

அவளுடைய சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்துவிட்டு, நேரமாகிறது என்று ஹாரனின் மனைவி படியிறங்கினாள். கீழே அந்தப் பெஞ்சைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே உட்கார்ந்திருப்பவன் யார் என்று அவளுக்குத் தெரியாது. அவனுக்கும் இவள் யார் என்று தெரியாது. ஒருவேளை அவனுக்குக் கல்லைப் பற்றியே எதுவும் தெரியாமல் இருக்கலாம். ஒருவேளை எல்லாம் தெரிந்தே, மூடியைச் சட்டையில் துடைத்துத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். நல்லபடியாகத் தண்ணீர் குடிக்கிறவன் கல் எறிய மாட்டான் என்று எங்கும் எழுதிவைக்கவில்லை.

அறைக்குத் திரும்பியபோது இன்ஸ்பெக்டர் போனில் யாருக்கோ பணிந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஆமா சார், இன்னிக்கே சார், சாயங்காலத்துக்குள்ள சார். போனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். அறையின் மூலையில் சுருட்டிய பாய் ஒன்றும் பல் துலக்கும் பிரஷும் இருந்தன. அவர் வீட்டுக்குப் போய் நாளாகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

"கேமராவை ஓட விடட்டுமாக்கா?"

"வேண்டாம் சார்," என்றாள். "நான் அவரைப் பார்த்துட்டேன்."

அவருக்குப் புரியவில்லை. பார்க்கத்தானே கூப்பிட்டேன் என்பதுபோல் திரையைக் காட்டினார். அவள் பூட்டிய பின்வாசலிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். பாட்டில் மூடி வரை சொன்னாள். பெரியவர் சொன்னதை மட்டும் விட்டுவிட்டாள். ஆரம்பத்தில் கேமரா முன்னால் நான் சொன்னது தவறாகிவிட்டது, அதையும் திருத்திப் பதிவு செய்ய வேண்டும் என்றாள்.

இன்ஸ்பெக்டர் நிறுத்தி வைத்த கேமராவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

அவர் பேசியதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த ஆளைத் தன் ஆட்கள் ஒருவரும் தொடவில்லை, தொட விடவில்லை என்றார். பழைய காலமாக இருந்தால் நாலு தட்டு தட்டி, நான்தான் எறிந்தேன் என்று சொல்ல வைத்து, மதியச் சாப்பாட்டுக்குள் வேலையை முடித்திருப்பார்கள் என்று கீழே இருக்கிறவர்கள் அவர் காதுபடப் பேசுகிறார்களாம். நம்ம ஆளுக்கே நியாயம் வாங்கித்தர முடியாதவர் என்கிறார்களாம். அதையெல்லாம் கேட்டுக்கொண்டு அவர் மெஷினை நம்பினார், விதியை நம்பினார், அவளை நம்பினார். தலைமை அலுவலகத்தில் இவளைப் போல இன்னொருவர் இருக்கிறார்தான். ஊர் ஊராக வந்த வீடியோக்கள் அவரிடம் மலையாகக் குவிந்திருக்கின்றன. இந்த வீடியோ அவர் கைக்குப் போக வாரக்கணக்கில் ஆகும். அவனோ அன்று எங்கேயும் போகவில்லை, வீட்டில் தூங்கினேன் என்கிறான். அதற்குச் சாட்சி இல்லை. இன்று மாலைக்குள் இவள் சொல்லாவிட்டால் அவனை விட்டுவிட வேண்டும்.

"வெளியே விட்டா அவன் வீடு போய்ச் சேருவானான்னு எனக்குத் தெரியாதுக்கா," என்றார். "ஊர் ஆளுங்களைச் சொல்லலை. நம்ம ஆளுங்களைச் சொல்றேன். உள்ளே இருந்தா அவனுக்கும் பத்திரம்."

இதை அவள் யோசித்திருக்கவில்லை. ஒரு மனிதனைக் காப்பாற்ற அவனைக் குற்றவாளி ஆக்கு என்று கேட்கிறார். அவரும் பயந்துதான் கேட்கிறார். யாரைக் கண்டு இந்தப் பயம்? கள்வனைக் கண்டு இல்லை, கலவரக்காரனைக் கண்டு இல்லை. கீழே நம்முடைய சீருடையில், நம்முடைய டீயைக் குடித்துக்கொண்டிருப்பவர்களைக் கண்டு.

"நீங்களே ஜீப்ல கொண்டுபோய் விடுங்க சார். நானும் வர்றேன்," என்றாள். "கீழே எல்லாரையும் கூப்பிட்டு நானே சொல்றேன், நான்தான் கெடுத்துட்டேன்னு. திட்டறதை என்னைத் திட்டட்டும். வீடியோவை இன்னிக்கே அங்க அனுப்புவோம். ஆள் அடிபட்ட கேஸ்னு நான் போன்ல கெஞ்சிக் கேட்கிறேன், முன்னால எடுப்பாங்க."

"அதுவரைக்கும் ஹாரன் வீட்ல என்ன சொல்லட்டும்?"

"நான் போய்ச் சொல்றேன்."

அவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். வெளியே, பட்டறையிலிருந்து இன்னும் வராத வண்டியின் இடம் காலியாக இருந்தது. திரும்பியபோது குரலில் பழைய இதம் போயிருந்தது.

"சரி, பார்த்தீங்க. பெஞ்சில பார்த்தீங்க, தண்ணி கொடுத்தீங்க. அதை ஓரமா வைங்க. இத்தனை வருஷ அனுபவம் இருக்கு. உங்க மனசில என்ன படுது, அதைச் சொல்ல என்ன?"

"மனசில படுது சார்," என்றாள். "அதனாலதான் சொல்ல மாட்டேங்கறேன்."

அவர் சட்டென்று நிமிர்ந்தார். அவள் சொல்லியிருக்கக் கூடாது என்று அவளுக்கு உடனே தெரிந்தது. படுகிறது என்று சொன்னதே பாதி சொன்ன மாதிரி. இருக்கிற கதவையெல்லாம் சாத்திவிட்டு ஒரு ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் போய் அறைக் கதவை மூடினார். மேசையில் இருந்த கேமராவின் வயரைப் பிடுங்கி, அவளுக்குத் தெரியும்படி சுருட்டி வைத்தார். திரையையும் அணைத்தார். கூட்டமும் கல்லும் போய், கறுத்த கண்ணாடியில் அவர்கள் இரண்டு பேரின் நிழல் மட்டும் தெரிந்தது.

"அக்கா," என்றார். இந்த முறை அந்தச் சொல்லில் வேலைக்கான தேன் இல்லை. களைத்துப்போன ஒரு தம்பியின் குரலாக இருந்தது. "கோர்ட்டுக்கு வேண்டாம். பதிவு வேண்டாம். உங்க பேரு எங்கேயும் வராது. இவனை விடறதா, இவன் பின்னாடியே போறதா, இல்லை வேற ஆளைத் தேடறதான்னு எனக்கு ஒரு பிடி வேணும். எனக்கு மட்டும். வாயைத் திறக்கக்கூட வேண்டாம். கீழே உட்கார்ந்திருக்கறவன்தானா? தலையை மட்டும் ஆட்டுங்க."

ஆட்டினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் யாரிடமும் சொல்ல மாட்டார். வாக்கு மாறாதவர். ஆனால் அந்த வீடியோவைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும்போது, போனில் அவர் குரல் ஒரு நூல் அளவு உறுதியாக இருக்கும். அங்கே இருப்பவரின் காதில் அந்த நூல் விழும். கீழே இருப்பவர்கள் அவர் நடையைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். ஒரு சாயங்காலம் யாரோ அந்த மெக்கானிக்கின் வீட்டுத் தெருவில் வண்டியை நிறுத்துவார்கள். அவள் தலை ஒரு முறை அசைந்தது அதில் எங்கேயும் தெரியாது.

இல்லை என்று ஆட்டலாமா? அது பொய். பொய்யென்றுகூடச் சொல்ல முடியாது. அவன் இல்லை என்று தோன்றினால் அதுவும் பெஞ்சிலிருந்து வந்ததுதான், சட்டையில் துடைத்துத் திருகிக் கொடுத்த அந்த மூடியிலிருந்து.

ஆஸ்பத்திரியில் ஹாரனின் மனைவி இந்நேரம் அவன் காதருகே குனிந்து, இன்னும் கொஞ்ச நேரத்தில் சேதி வரும் என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அங்கே போய் என்ன சொல்வது என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் போக வேண்டும். முதலில் கீழே போய், பெஞ்சில் இருப்பவனை ஜீப்பில் ஏற்ற வேண்டும்.

கறுத்த திரையில் தன் தலை தெரிந்தது. கழுத்தின் பின்பக்கம் வலித்தது. அவள் அதை அசையாமல் வைத்துக்கொண்டாள்.

"ஜீப் சாவி உங்ககிட்ட இருக்கா சார்?" என்றாள்.